காணி, காவல், கடன்

"ஊருக்குத் திரும்பலாமோ அக்கா?"

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என மதுரை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. எந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நான் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு சிம்மக்கல்லில். பிறப்புப் பதிவு, கல்லூரி விண்ணப்பம், பழைய காணி உறுதியின் (நிலப் பத்திரத்தின்) நகல் என்று காகித வேலைக்கு உதவப் போய்த்தான் முகாம்களோடு பழக்கம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே இன்னும் 30 ஆயிரத்துக்கும் மேல். 1983இலிருந்து 2009 வரை அலை அலையாக வந்தவர்கள், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள், பேரப் பிள்ளைகள்.

கேட்பவருக்குப் பொய் நம்பிக்கையும் கொடுக்கக் கூடாது, வீண் பயமும் காட்டக் கூடாது. கடன் மனு வந்தால் நாங்கள் மூன்று விஷயம் பார்ப்போம். நிலம் யார் பேரில் இருக்கிறது? அந்த ஊரில் நிம்மதியாகத் தொழில் செய்ய முடியுமா? வருமானத்தில் வட்டி போக என்ன மிஞ்சும்? போர் முடிந்த ஒரு நாட்டையும் இந்த மூன்று கேள்வியால்தான் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச் கடைசியில் நேரடி விமானம் வந்த பிறகு, போய்ப் பார்த்துவிட்டு வருவது எளிதாகிவிட்டது. மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் திருச்சி போய்ச் சேரும் நேரத்தைவிட, திருச்சியிலிருந்து பறந்து யாழ்ப்பாணத்தின் பலாலியில் இறங்கும் நேரம் குறைவு.

எழுந்து நிற்பவை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது வன்னியில் கூரையோடு நின்ற வீடுகளை எண்ணிவிடலாம். கடைசிக் கட்டத்தில் பொதுமக்கள் 40 ஆயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. தப்பியவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வவுனியா அருகே செட்டிகுளம் முகாம்களில் முள்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். அவற்றில் பெரியதான மெனிக் ஃபார்ம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

அங்கிருந்து பார்த்தால் மாற்றம் பெரிது. ஏ-9 நெடுஞ்சாலை வழவழவென்று கிடக்கிறது. குண்டு விழுந்து, தண்டவாளமும் பிடுங்கப்பட்டுப்போன வடக்கு ரயில் பாதையை இந்தியக் கடனுதவியில் நம்முடைய இர்கான் நிறுவனம் மறுபடி போட்டது. 2014 அக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 46 ஆயிரம் வீடுகள் எழுந்தன. பலாலி விமான நிலையம் 2019இல் திறந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023இல் ஓடத் தொடங்கியது.

சிம்மக்கல்காரி என்பதால் யாழ்ப்பாணம் பொது நூலகத்தைத் தேடிப் போனேன். எங்கள் தெருவுக்கு அடையாளமே மாவட்ட மைய நூலகமும் பழைய புத்தகக் கடைகளும்தானே. நான்காவது உலகத் தமிழ் மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது; ஐந்தாவது 1981 ஜனவரியில் எங்கள் மதுரையில். மதுரை மாநாடு முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, மே 31 இரவு அந்த நூலகம் கொளுத்தப்பட்டது. 97 ஆயிரம் நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. இன்று அதே இடத்தில் வெள்ளைக் கட்டிடம் நிற்கிறது. உள்ளே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் சாலை, ரயில், கட்டிடம் எல்லாம் பணம் இருந்தால் வந்துவிடும். பணத்தால் மட்டும் வராதவற்றைத்தான் முகாமில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்.

காணி

வலிகாமம் வடக்கு என்பது யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் வாழையும் விளைந்த பூமி. பலாலி ராணுவத் தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து 1990இல் மக்களை வெளியேற்றினார்கள். ஆனையூரில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியின் காணி அந்த வலயத்துக்குள்தான் இருக்கிறது. உறுதி அவர் பெயரில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. "காணி எங்கட பேரிலதான் பிள்ளை. ஆனா உள்ள போக விடமாட்டினம்" என்பார்.

போர் முடிந்த பிறகு, குறிப்பாக 2015க்குப் பின், நிலம் துண்டு துண்டாகத் திரும்பி வந்திருக்கிறது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மீனவர்களிடம் கொடுக்கப்பட்டது. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவில் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் மழையிலும் பனியிலும் ஒரு மாதம் குந்தியிருந்து, அதே ஆண்டு மார்ச்சில் தங்கள் வீட்டு நிலத்தில் ஒரு பகுதியை மீட்டார்கள். பலாலி வீதி 2025 ஏப்ரலில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பொதுமக்களுக்குத் திறந்தது. அப்போது அதிலும் நிபந்தனைகள் போட்டார்கள்: பகலில் மட்டும் போகலாம், நடந்து போகக் கூடாது, இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சொந்த ஊர்ச் சாலையில் வண்டியை நிறுத்தி, தன் வீடு இருந்த இடத்தைப் பார்க்க ஒருவருக்கு உரிமை இல்லை என்றால் அதைத் திறப்பு என்று முழுமனதோடு சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னொரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. 2025 மார்ச் 28ஆம் தேதி இலங்கை அரசு ஒரு வர்த்தமானி (அரசிதழ்) வெளியிட்டது. வடக்கில் சுமார் 6 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளர்கள் மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லையென்றால் அது அரசு நிலம் ஆகிவிடும் என்பது அதன் சாரம். போரில் ஓடியவர் கையில் உறுதி இருக்குமா? உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்று எங்கே வாங்குவது? உச்சப்பட்டியிலும் கனடாவிலும் இருக்கும் வாரிசுகள் மூன்று மாதத்தில் எப்படிப் போய் நிற்பார்கள்? வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, அரசு பின்வாங்கியது. ஆனால் அந்த மூன்று மாதமும் முகாம்களில் எத்தனை வீட்டில் இரும்புப் பெட்டியைத் திறந்து தேடினார்கள் என்று எனக்குத் தெரியும்.

நிலச் சிக்கலுக்கு அடியில் இருப்பது அதிகாரச் சிக்கல். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தது 13ஆவது அரசியல் திருத்தம். மாகாண சபைகள் அதன்படி அமைந்தவை. காணி, காவல் இரண்டும் மாகாணத்துக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் இன்றுவரை முழுதாகக் கொடுக்கவில்லை. வடக்கில் முதல் மாகாண சபைத் தேர்தலே 2013 செப்டம்பரில்தான் நடந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30ஐ வென்று, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2018 அக்டோபரில் அந்த சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று சட்டத்தில் கை வைத்து, தொகுதி எல்லை அறிக்கையை நாடாளுமன்றமே நிராகரித்து, எல்லாம் முடங்கிப்போனது. அதன்பின் தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரும் அதிகாரிகளும்தான் மாகாணத்தை நடத்துகிறார்கள்.

மக்கள் மட்டும் தங்கள் கடமையைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். 2024 நவம்பரில் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி நாடாளுமன்றத்தின் 225 இடங்களில் 159ஐப் பிடித்தபோது, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றும் அதற்குப் போயின. தெற்கின் கட்சி ஒன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. ஆறு மாதம் கழித்து உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அதே மக்கள் தமிழ்க் கட்சிகளுக்கு அதிக இடம் கொடுத்தார்கள். "நம்பிப் பார்த்தோம், இனி நீங்கள் செய்து காட்டுங்கள்" என்று வாக்குச் சீட்டால் சொன்ன சேதியாகவே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

காவல்

துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்துவிட்டது என்பது சின்ன விஷயமல்ல. இரவு பத்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள். ஆனால் மண்ணுக்குள் போர் இன்னும் மிச்சம் இருக்கிறது.

கிளிநொச்சி தாண்டி வடக்கே போனால் முகமாலை. இரண்டு படைகளும் வருடக்கணக்கில் எதிரெதிரே நின்ற முன்னரங்கு. நாட்டிலேயே மிதிவெடி அதிகம் புதைந்த நிலங்களில் ஒன்று. பளையில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கணவர் போரில் போய்விட்டார். மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறார். கவச அங்கியும் முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடும் மாட்டிக்கொண்டு, முட்டி போட்டு, கோல் நட்டு எல்லை போட்ட ஒடுக்கமான தடத்தில் கையால் மண்ணைக் கீறிக் கீறி முன்னேற வேண்டும். நாள் முழுக்கச் செய்தாலும் சில சதுர மீட்டர்தான். கீழே புதைந்திருப்பது உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் டப்பா. அதில் உலோகம் குறைவு என்பதால் கருவி எப்போதும் காட்டிக்கொடுக்காது. "முதல் மாசம் கை நடுங்கினது அக்கா. பிறகு பழகிட்டுது. இந்தச் சம்பளம் இல்லையெண்டால் பிள்ளையள் படிச்சிருக்காதுகள்" என்றார். ஹேலோ டிரஸ்ட், மேக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகள் இந்த வேலையைச் செய்கின்றன. பணியாளர்களில் கணிசமானவர்கள் இப்படிக் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள். இலங்கை 2017இல் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2028இல் முழுதும் அகற்றிவிடுவது இலக்கு. உள்நாட்டுப் போர் 1992இல் முடிந்த மொசாம்பிக், மிதிவெடி இல்லாத நாடு என்று அறிவித்துக்கொள்ள 2015 ஆனது. முடியும் காரியம்தான். வெளிநாட்டு நிதி நிற்காமல் வர வேண்டும். நிலம் சுத்தமான பிறகு அந்தப் பெண்களுக்கு வேறு வேலையும் வேண்டும்.

மண்ணுக்குள் இருக்கும் இன்னொரு பாரம் எலும்புகள். யாழ்ப்பாணம் அரியாலையில் செம்மணிக்குப் பக்கத்துச் சித்துப்பாத்தி மயானத்தில் 2025 தொடக்கத்தில் கட்டிட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்ததில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அவற்றில் குழந்தைகளும் உண்டு. பள்ளிப் பை, பொம்மை, பால் போத்தலும் கிடைத்தன. ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் ஜூன் மாதம் அந்த இடத்துக்கே வந்தார். செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டதாக ஒரு ராணுவ வீரரே 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அதோடு நின்ற வேலை இப்போதுதான் மறுபடி நகர்கிறது.

கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் 2017 பிப்ரவரி 20இல் உட்கார்ந்த தாய்மார், ராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத்தான் உட்கார்ந்தார்கள். காணாமல் போனோருக்கான அலுவலகம் 2018 முதல் இயங்குகிறது. இழப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது அரசு. பதில் சொல்லுங்கள் என்கிறார்கள் தாய்மார். பதில் கிடைக்காமலே பலர் கண்மூடிவிட்டார்கள். தாய் கேட்பது நியாயம். செம்மணி எலும்புகளை மரபணுச் சோதனை செய்து பெயர் கண்டுபிடிப்பது நாளைக்கே தொடங்க வேண்டிய வேலை.

உயிரோடு இருப்பவர்களுக்கும் அச்சம் நீங்கிவிடவில்லை. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. 2022இல் திருத்தினார்கள், குற்றச்சாட்டே இல்லாமல் அடைத்துவைக்கும் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது, அவ்வளவுதான். ராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சம் பேராகக் குறைப்போம் என்று 2023இல் அறிவித்தார்கள். வடக்கில் முகாம்கள் இன்னும் அடர்த்தியாகவே இருக்கின்றன. பண்ணையும் உணவகமும்கூட ராணுவம் நடத்துகிறது.

வட அயர்லாந்தில் 1998இல் சமாதான ஒப்பந்தம் ஆன பிறகு முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று காவல்துறை. 2001இல் பழைய படையைக் கலைத்துப் புதிய பெயரில் அமைத்து, பத்து ஆண்டு காலம் புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். தன் மொழி பேசும் காவலர் ஸ்டேஷனில் இருந்தால்தான் ஒரு பெண் புகார் கொடுக்கப் படியேறுவாள். 13ஆவது திருத்தத்தின் காவல் அதிகாரம் வடக்குக்கு ஏன் தேவை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கடன்

என் வாழ்நாள் தொழில் கடன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வடக்கிலும் கிழக்கிலும் போரால் கணவரை இழந்தவர்கள் சுமார் 89 ஆயிரம் பேர் என்று இலங்கை துணை அமைச்சர் ஒருவரே 2010இல் சொன்னார். அவர்களுக்கு அரசு வங்கி கடன் கொடுக்கவில்லை. அடமானம் வைக்கக் காணிப் பத்திரம் இல்லையே. போர் ஓய்ந்ததும் ஏ-9 வழியாக நுண்கடன் கம்பெனிகள் வந்து இறங்கின.

கிளிநொச்சிக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் 2017இல் எடுத்த கடனின் அட்டையைக் காட்டினார். வாங்கியது 50 ஆயிரம் ரூபாய். வாரத்துக்கு 1,500 வீதம் 52 வாரம் கட்டியிருக்கிறார். மொத்தம் 78 ஆயிரம். மேலோட்டமாகப் பார்த்தால் வட்டி 56 சதவீதம். ஆனால் ஒவ்வொரு வாரமும் அசலும் கரைகிறதே! கையில் நிஜமாக இருந்த பணத்துக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 95 சதவீதம். அடுத்த கம்பெனியில் வாங்கி முந்தைய கம்பெனிக்குக் கட்டியதாகச் சொன்னார். வசூலுக்கு வந்தவர் இரவு எட்டு மணி வரை வாசலில் உட்கார்ந்திருப்பாராம். தனியாக இருக்கும் பெண் வீட்டு வாசலில் அப்படி ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன பேசும் என்று விளக்க வேண்டியதில்லை. 2018இல் வந்த ஐ.நா. நிபுணர் போஹோஸ்லாவ்ஸ்கி, சில இடங்களில் வட்டி 220 சதவீதம் வரை போனதாகப் பதிவு செய்தார். அதே ஆண்டு அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. மூச்சு விட முடிந்தது. ஆனால் மாற்றுக் கடன் வழி பிறக்கவில்லை.

இதற்கு மருந்து மதுரையிலேயே இருக்கிறது. புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவை நமக்குத் தெரியும். 2001இல் பிரதமர் வாஜ்பாயே இவர் காலைத் தொட்டு வணங்கினார். அவர் வளர்த்த களஞ்சியம் குழுக்களில் பெண்கள் முதலில் தங்கள் சேமிப்பைப் போடுகிறார்கள், தாங்களே வட்டியைத் தீர்மானிக்கிறார்கள், அதன்பிறகுதான் வங்கி வருகிறது. வட்டி லாபம் குழுவுக்கே திரும்பும். வன்னியில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நீண்ட மரபு உண்டு. அவற்றுக்கு உயிர் கொடுத்தால் நுண்கடன் கம்பெனி தானாக ஒதுங்கும்.

போரிலிருந்து எழுந்து நிற்பதற்குள் 2022 வந்து அடித்தது. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கை விரித்தது. டாலருக்கு 200 ரூபாய் என்றிருந்தது 360ஐத் தொட்டது. விலைவாசி 70 சதவீதம் ஏறியது. ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய நாட்டை விட்டு ஓடினார். மீனவர் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஆகஸ்டில் ஒரே இரவில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. அந்த ஆண்டு தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறங்கியவர்கள் போருக்குத் தப்பி வரவில்லை, பசிக்குத் தப்பி வந்தார்கள். இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவியது. தமிழக அரசு அரிசி, பால்மாவு, மருந்து அனுப்பியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. இப்போது விலை அடங்கியிருக்கிறது, பொருளுக்காக நின்ற வரிசைகள் மறைந்துவிட்டன. சம்பளம் மட்டும் பழைய விலையோடு நின்றுவிட்டது.

வடக்கின் தொழில் மெதுவாக அசைகிறது. 1990இல் நின்றுபோன காங்கேசன்துறை சீமெந்து ஆலை மூடியே கிடக்கிறது. ஆனையிறவு உப்பளத்தில் 2025இல் மேசை உப்பு ஆலை திறந்தார்கள். 'ரஜ லுணு' என்று சிங்களப் பெயர் வைத்ததும் எதிர்ப்பு எழுந்து, ஆனையிறவு உப்பு என்ற பெயரே வந்தது. கடலில் கிடைக்கும் பிழைப்பைப் பறிப்பதில் நமக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் கரையிலிருந்து போகும் இழுவைமடிப் படகுகள் பாக் நீரிணையின் அடித்தளத்தையே வாரி எடுக்கின்றன. 2017இல் இலங்கை அந்த முறையைத் தடை செய்தது. வலை அறுபடுவது போரில் எல்லாம் இழந்து மறுபடி கடலுக்குப் போகும் தமிழ் மீனவருக்குத்தான்.

நாம் செய்ய வேண்டியது

ஆக, ஊருக்குத் திரும்பலாமா? காணி கையில் வந்து, அங்கே தாங்க உறவும் இருப்பவர்கள் போகலாம். கவனமாகப் போக வேண்டும். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு திரும்பிய ஒரு முதியவரை, அன்று முறைப்படி நாட்டை விட்டுப் போகவில்லை என்று பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். உயிருக்கு அஞ்சித் தோணி ஏறியவர் எந்தக் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டு வருவார்? அதைக் குற்றமாகப் பார்க்கும் சட்டம் மாறும்வரை, திரும்பும் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் உத்தரவாதம் வாங்கிக் கொடுப்பது டெல்லியின் கடமை.

காணி இல்லாதவர்கள், இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள், போக வேண்டிய அவசியம் இல்லை. தமிழக அரசு 2021இல் முகாமின் பெயரை மாற்றியது, 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்துப் புது வீடுகளும் கட்டியது, பாராட்டுகிறேன். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. நாற்பது வருடம் நம்மோடு வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் இந்தியக் குடியுரிமை இல்லை. கேட்பவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க வேண்டும். போக நினைப்பவர்களுக்குப் பிறப்புப் பதிவும் காணிப் பத்திரமும் சரிசெய்ய, மாவட்டத்துக்கு ஒரு சட்ட உதவி மையமாவது வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு முகாம் இருக்கும். வக்கீலாக இருந்தால் காணி உறுதியைப் படித்துக் கொடுங்கள். ஆசிரியராக இருந்தால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், இவர்கள் குடியுரிமைக்கு நாடாளுமன்றத்தில் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.